வெள்ளக் காப்பும் மாணவர் பயிற்சியும்

கல்லூரிகளிலிருந்து நமது சங்கங்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புதுவகைக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. பேரிடர் அபாயத்தைக் குறைத்தல், வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் ஆற்றலை ஊராரிடையே வளர்த்தல் ஆகிய பொருள்களில் பணிப்பயிற்சி பெற வேண்டிய மாணவ மாணவியர் சிலரைச் சில வாரங்களுக்கு அனுப்பலாமா, அவர்களுக்குச் சங்கம் இடமும் வேலையும் தருமா என்று அக்கடிதங்கள் கேட்கின்றன. சில சங்கங்கள் உடனே இசைவு தெரிவித்து, மாலையும் தேநீரும் தந்து வரவேற்று, புகைப்படம் எடுத்துக்கொண்டு வழியனுப்பி விடுகின்றன. வேறு சில சங்கங்களோ, இருக்கிற வேலையில் இது எதற்கு என்று கடிதத்தைக் கோப்பில் கட்டி வைத்துவிடுகின்றன. இவ்விரண்டும் சரியன்று என்பது நமது கருத்து. மாணவரை நாம் ஏற்க வேண்டும். ஆனால் நமக்குத் தேவையான வேலையை, நமக்கு ஏற்ற காலத்தில், நாமே குறித்துக் கொடுத்து ஏற்க வேண்டும். அவர்கள் எழுதும் கணக்கு ஊரிலேயே தங்க வேண்டும். இம்மூன்றும் இல்லையேல் பயிற்சியினால் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். அங்கத்தினருக்கு ஒரு பயனும் கிட்டாது.

வடகிழக்குப் பருவமழை நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அதை நம்பியே சம்பா நடுகிறோம். அதற்கு அஞ்சியே பாவை வீட்டுக்குள் சுருட்டி வைக்கிறோம். ஆயினும் அண்மை ஆண்டுகளில் நாம் கண்ட மழை, முன்னோர் அறிந்த அளவுகளுக்குள் அடங்கவில்லை. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது; தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையாற்றில் திறந்துவிடப்பட்டது.

இத்தகைய எண்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் உடனுக்குடன் வந்துவிடுகின்றன. எச்சரிக்கை வருவதில்லை என்று இப்பொழுது எவரும் பொதுவாகக் குறை கூற இயலாது. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒன்றரை இலட்சம் கன அடி என்ற செய்தியைக் கேட்கும் நெசவாளர், அந்நீர் தம் வீட்டுத் திண்ணையைத் தொடுமா, தறிக்குழியை நிரப்புமா, உத்தரம் வரை ஏறுமா என்பதை அந்த எண்ணிலிருந்து அறிந்துகொள்ள முடிவதில்லை. கன அடியை வாசற்படியாக மாற்றிச் சொல்லும் கணக்கு ஒன்று ஊர்தோறும் வேண்டும். அக்கணக்கு அரசாங்கத்தின் பெரிய வரைபடங்களில் இருப்பதில்லை. அதைத் தெருத் தெருவாக, வீடு வீடாக, மட்டக்கருவியும் நோட்டுப் புத்தகமும் கொண்டு எவரேனும் எடுத்தாக வேண்டும். மாணவர் பயிற்சியை நாம் வரவேற்பதற்கு முதற்காரணம் இதுவே.

நகரத்தார் வெள்ளம் என்று சொல்வது வீட்டினுள் நீர் புகுவதை. குழித்தறி நெய்வோருக்கு வெள்ளம் அதற்குப் பல நாள் முன்னரே வந்துவிடுகிறது. தெருவில் நீர் தேங்காதிருக்கும்பொழுதே நிலத்தடியிலிருந்து ஊற்றெடுத்துத் தறிக்குழி நிறைகிறது. மிதிகட்டை நீரில் மூழ்கிய பின் தறியில் உட்கார இடமில்லை. பாவு தோயவும், கஞ்சியிட்டு உலர்த்தவும் தெருவும் வெயிலும் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டும் இல்லை. தறியில் ஏற்றிய பாவு ஈரமேறினால் கஞ்சி நெகிழ்ந்து இழை அறுகிறது. ஜக்கார்டு அட்டைகள் ஊறி வளைந்தால் புட்டா பிசகுகிறது. தறி மரம் ஊதிப்போனால் காய்ந்த பின்னரும் பழைய நிலைக்கு வருவது அரிது. வீடு இடியவில்லை, உயிர் போகவில்லை என்பதனால் இவை சேதக் கணக்கில் ஏறுவதில்லை. கூலி இல்லாத வாரங்களோ அடுப்பில் தெரிகின்றன.

பயிரிடுவோர் நிலையும் இதுவே. கழனிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் பற்றி நாம் பேசுமளவு, நீரை வெளியேற்றும் வடிகாலைப் பற்றிப் பேசுவதில்லை. வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வடிகால்களை அடைத்து நிற்கின்றன. நட்டுச் சில நாளே ஆன சம்பாப் பயிர் தலை மூழ்கி ஒரு வாரத்திற்கு மேல் நின்றால் அழுகிவிடுகிறது. வெள்ளம் தாங்கும் இயல்புள்ள சுவர்ணா சப்-1 போன்ற நெல் வகைகள் இரு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கக்கூடியவை என்பது உண்மை. எனினும் எந்த வயல் எத்தனை நாள் மூழ்குகிறது என்ற கணக்கு இருந்தாலன்றோ, எங்கே அவ்வகையை இடுவது, எங்கே வடிகாலை வெட்டுவது என்று தீர்மானிக்க இயலும்?

இதில் அங்கத்தினரின் பணமும் அடங்கியிருக்கிறது. பயிர்ச்சேதம் 33 சதவிகிதத்தை எட்டினால் நிவாரணத்திற்கு உரிமை உண்டு என்று 2015-ஆம் ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. அதற்கு முன் 50 சதவிகிதம் ஆகவேண்டியிருந்தது. பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் கைத்தறியாளரின் சேதமடைந்த கருவிகளுக்கும், கெட்டுப்போன மூலப்பொருளுக்கும் உதவி வழங்க இடமிருக்கிறது. ஆனால் சேதம் உண்மை என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். வெள்ளத்திற்கு முன் அவ்வீட்டில் எத்தனை தறி இருந்தது, எத்தனை பாவு இருந்தது என்பதற்கு ஏடு இல்லையானால் அதிகாரி எதைக் கொண்டு சான்றளிப்பார்? சொந்தத் தறி இல்லாத கூலி நெசவாளரும், பட்டா தம் பெயரில் இல்லாத குத்தகைதாரரும் இங்கேதான் கைவிடப்படுகின்றனர். வெள்ளத்திற்குப் பின் எழுதப்படும் பட்டியலில் பெயர் சேர்ப்பது சண்டையாக முடிகிறது. வெள்ளத்திற்கு முன், அமைதியான நாளில், எல்லோரும் பார்க்க எழுதப்பட்ட பட்டியல் பல சண்டைகளைத் தடுக்கும்.

ஆகவே மாணவர் வந்தால் என்ன வேலை தருவது என்ற கேள்விக்கு நமது விடை தெளிவானது: ஊர் வெள்ள ஏடு ஒன்றை எழுதச் செய்க. அதில் ஐந்து பகுதிகள் இருப்பின் போதும்.

முதலாவது, நீர்மட்டக் குறிப்பு. முந்தைய வெள்ளங்களில் நீர் எதுவரை ஏறிற்று என்பதை முதியோரிடம் கேட்டு, சுவரிலுள்ள கறையைப் பார்த்து, கோயில் படி, பள்ளிக்கூடத் தூண், சங்கக் கட்டடம் ஆகிய பொது இடங்களில் வண்ணத்தால் கோடிட்டு ஆண்டைக் குறிக்க வேண்டும். பொறியியல் மாணவர் ஒவ்வொரு தெருவின் மட்டத்தையும் அக்கோட்டுடன் ஒப்பிட்டுக் கணக்கிட்டுத் தரலாம். இரண்டாவது, தறிக் கணக்கு. எத்தனை குழித்தறி, அவற்றில் ஊற்று நீர் வருவன எத்தனை, தறிக்காரர் எவர், நெய்பவர் எவர், மழைக்காலத்தில் பாவையும் அட்டைகளையும் உயர்த்தி வைக்கப் பரண் உண்டா என்பன அதில் இருத்தல் வேண்டும். 1960-ஆம் ஆண்டு முதல் சேலத்தில் நடைபெற்றுவரும் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரியில் பயிலும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான களப்பணி வேறு இல்லை.

மூன்றாவது, வடிகால் கணக்கு. எந்த மதகு பழுது, எந்தக் கலிங்கு உடைந்தது, எந்த வடிகால் எவ்விடத்தில் அடைபட்டது, எந்த வயல் எத்தனை நாள் மூழ்குகிறது என்பவை. வேளாண் கல்லூரி மாணவர் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெறுவது அவர்கள் பாடத்திட்டத்திலேயே இருப்பதால், இதனை அவர்களிடம் ஒப்படைக்கலாம். நான்காவது, ஆள் கணக்கு. தாமாக நடந்து வெளியேற இயலாத முதியோர், உடல் ஊனமுற்றோர், கருவுற்ற பெண்கள், தனித்து வாழ்வோர் ஆகியோர் எந்த வீட்டில் இருக்கின்றனர், அவர்களைத் தூக்கிச் செல்ல வேண்டிய அண்டை வீட்டார் எவர் என்பது. ஐந்தாவது, சங்கத்தின் சொந்தக் கணக்கு. நூல் மூட்டைகளும், உரமும், விதைநெல்லும், அடகு நகைகளும், பேரேடுகளும் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் உள்ளன? அங்கத்தினருக்கு அறிவுரை கூறும் சங்கமே தன் பேரேட்டை நனையவிடுமாயின் அதனினும் வெட்கக்கேடு வேறில்லை.

இனிக் காலத்தைப் பற்றி. கல்லூரிகள் தம் வசதிக்கேற்பக் குறிக்கும் மாதங்கள் நமக்கு ஏற்றவை அல்ல. மழை உச்சத்திலிருக்கும் நவம்பரிலும் டிசம்பரிலும் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வு நடக்கும். மாணவர் வர இயலாது. வந்தாலும் அப்பொழுது அளக்க ஒன்றும் தெரியாது. எல்லாம் நீருக்குள் இருக்கும். கோடை விடுமுறையே தக்க காலம். சித்திரையிலும் வைகாசியிலும் வடிகால்களின் அடித்தரை கண்ணுக்குத் தெரியும், மதகின் விரிசலும் தெரியும், தறிக்குழியும் உலர்ந்திருக்கும். அப்பொழுது எழுதிய ஏட்டைப் புரட்டாசியில் ஒருமுறை வந்து சரிபார்த்து, குறிப்பிட்ட பழுதுகளில் எவை சீர்செய்யப்பட்டன, எவை நின்றுபோயின என்று மகாசபையின் முன் படிக்க வேண்டும். இருமுறை வராத பயிற்சியை நாம் பயிற்சியென்று கொள்ளலாகாது.

1969-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்யவும், ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்கவும் வாய்ப்பு இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பங்கு தெருக்கூட்டலிலும் மரக்கன்று நடுவதிலும் கழிகிறது. அவையும் நல்லவையே. ஆயினும் ஆற்றங்கரை ஊரில் ஏழு நாள் முகாமிடும் நூறு மாணவர், ஒரு வடிகாலின் நீளம் முழுவதையும் அளந்து எழுதிவைத்துப் போவாராயின் அவ்வூரார் அவர்களை நெடுநாள் நினைப்பர்.

"ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பட்டணத்துப் பிள்ளைகள் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா?" என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மதகு திறக்கும் ஓசையைக் கொண்டே நீரின் அளவைச் சொல்லும் முதியவர் நம்மிடையே உண்டு. மாணவர் அவருக்குக் கற்பிக்க வரவில்லை. அவரிடம் கற்றதை எழுத வருகின்றனர். அவர் மறைந்தால் அவ்வறிவும் மறையும், எழுதினால் நிற்கும். மேலும், முதியவர் அறிந்தது தாம் கண்ட வெள்ளத்தை. ஒரே நாளில் 95 செ.மீ. பெய்யும் மழையை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. ஏரிப்பாதையில் வீடும் சாலையும் எழும்பிய பின் பழைய நீர் பழைய வழியில் போவதுமில்லை. அனுபவமும் அளவையும் சேர்ந்தாலன்றி இனிவரும் வெள்ளத்தைக் கணிக்க இயலாது.

"இது சர்க்காரின் வேலையல்லவா?" என்பது மற்றொரு கேள்வி. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் அதற்கென அமைப்பு வேண்டுமென்று விதித்திருக்கிறது. அதன் பொறுப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டு ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் கூடி ஏற்ற திட்டமும் அபாயத்தை அறிந்துகொள்வதையே முதல் கடமையாக வைத்தது. ஆனால் நம் தெருவின் அபாயத்தை நாம் எழுதிவைக்காவிடில் வேறு எவரும் எழுதமாட்டார். கரையைக் காப்பதும் ஏரியைத் தூர்வாருவதும் ஒருகாலத்தில் குடிமராமத்து என்ற பெயரால் ஊராரின் கூட்டு வேலையாகவே இருந்தன. 1904-ஆம் ஆண்டு திரூரில் முதற்சங்கம் தோன்றியது முதல் கூட்டுறவாளர் கற்ற பாடமும் அதுவே: தனித்தனியே தாங்க இயலாததைக் கூடித் தாங்குதல், அதற்குக் கணக்கு வைத்தல்.

முன்னேற்பாட்டினால் பயன் உண்டா என்று ஐயுறுவோர் ஒடிசாவைப் பார்க்கட்டும். 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு பைலின் புயல் வந்தபொழுது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. புயலின் சீற்றத்தை எவரும் குறைத்துவிடவில்லை. எந்த வீட்டிலிருந்து எவரை எங்கே அழைத்துச் செல்வது என்பது முன்னரே தெரிந்திருந்தது. மாணவரால் என்ன ஆகும் என்போர் கேரளத்தைப் பார்க்கட்டும். 2018-ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்த பின் தொழிற்பயிற்சி நிலைய மாணவர் வீடு வீடாகச் சென்று நனைந்த மின்கம்பிகளையும் கருவிகளையும் பழுது பார்த்தனர். கற்ற தொழில் கையிலிருந்த மாணவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. வீட்டில் விளக்கேற்றிக் கொடுத்தனர்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பயிற்சி மாணவரை வெள்ள நீரில் இறக்கலாகாது. மீட்புப் பணி பயிற்சி பெற்ற படையினருக்கும், படகும் கயிறும் கையாளத் தெரிந்த நம் ஊராருக்கும் உரியது. ஒரு குடும்பத்தின் மகனையோ மகளையோ நம் ஊரை நம்பி அனுப்புகின்றனர் என்பதை நிர்வாகக் குழுவினர் மறக்கலாகாது. மாணவியர் தங்குமிடம் பாதுகாப்பானதாக இருத்தல் வேண்டும். அவர்களைச் சங்க அலுவலகத்தில் கூலியில்லாக் குமாஸ்தாவாக உட்காரவைத்து இரசீது எழுதச் சொல்வதும் தகாது. உணவும் பயணச் செலவுமேனும் சங்கம் தர வேண்டும். சிறிய உதவித்தொகையும் தர முடிந்தால் நன்று. ஏழை வீட்டு மாணவர் இலவசமாக உழைக்க வசதியின்றி ஒதுங்கிவிடுவாராயின், பயிற்சி வசதி படைத்தோர்க்கே உரியதாகிவிடும். நம் நெசவாளர் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகள் அவ்வாறு ஒதுங்க நேர்வது நமக்கு ஏற்புடையதன்று.

மாணவர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் ஒரு சொல். கேள்வித்தாளை நீட்டி, விதவையான ஒரு முதியவளிடம் அவள் இழந்ததையெல்லாம் மீண்டும் மீண்டும் கூறச் செய்து, அவள் கண்ணீரைப் படமெடுத்துச் செல்வது படிப்பாகாது. அவள் கூறியதால் அவளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை கையிலிருந்தால் மட்டுமே கேளுங்கள். வீட்டுக்குள் உள்ள நோயும் கடனும் ஊரறிய எழுதத் தக்கவை அல்ல. ஆள் கணக்கைச் சங்கக் காரியதரிசியின் பொறுப்பில் பூட்டி வையுங்கள். நீங்கள் கல்லூரிக்கு எழுதும் அறிக்கை எந்த மொழியிலும் இருக்கட்டும். ஊரில் விட்டுச்செல்லும் ஏடு தமிழில், எங்கள் அங்கத்தினர் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இவ்வேட்டின் மூலப்படி சங்கத்திலும், ஒரு படி பஞ்சாயத்திலும், ஒரு படி கிராம நிர்வாக அலுவலரிடமும், ஒரு படி கல்லூரியிலும் இருத்தல் நன்று. மூலப்படி கல்லூரி அலமாரிக்குப் போய்விடுமானால், அடுத்த ஆண்டு வேறு மாணவர் வந்து அதே வீட்டில் அதே கேள்விகளைத் தொடக்கத்திலிருந்து கேட்பர். ஊரிலேயே இருக்குமானால், அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வர். ஐந்தாண்டில் அது அவ்வூரின் சொத்தாகும்.

ஆதலின் அங்கத்தினர்க்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இது. வரும் மகாசபையில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். ஒன்று, கோடை விடுமுறையில் நான்கு முதல் ஆறு மாணவரை ஏற்று வெள்ள ஏடு எழுதச் செய்தல். அதற்கு உரிய கல்லூரிக்குச் சங்கமே முன்னதாகக் கடிதம் எழுதுதல். இரண்டு, நெசவாளரில் இருவரும் பயிரிடுவோரில் இருவரும், அவர்களுள் பெண்கள் இருவரேனும் அடங்கிய சிறு குழு அம்மாணவருடன் வீடு வீடாகச் செல்லுதல். மூன்று, ஏட்டில் முதலாவதாகக் குறிக்கப்படும் பழுதைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்தேனும், அங்கத்தினர் உழைப்பினாலேனும் ஐப்பசிக்கு முன் சீர்செய்தல். எழுதியதில் ஒன்றையாவது செய்து காட்டினாலன்றி அடுத்த ஆண்டு எவரும் கதவைத் திறந்து பதில் சொல்லமாட்டார்.

மழை நம்மைக் கேட்டு வருவதில்லை. மாணவரோ கடிதம் எழுதிக் கேட்டு வருகின்றனர். அக்கடிதத்திற்கு விடையெழுதுமுன், எந்தத் தெருவிலிருந்து கணக்கெடுப்பைத் தொடங்குவது என்பதை நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யட்டும். ஊரில் மிகத் தாழ்ந்த தெரு எதுவோ, அங்கிருந்து தொடங்குவதே முறை என்பது நமது கருத்து.